மொய் நோட்டும் வீட்டுக்கடன் அறிக்கையும்

கேள்வி:

பேராவூரணிக்கு அருகில் ஒரு கிராமத்தில் கணவர், இரண்டு குழந்தைகள், மாமனார், மாமியாருடன் வசிக்கிறேன். சென்னையில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு 2020-லிருந்து வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கைக்கு 82,000 ரூபாய் வருகிறது. கணவர் சொந்த மினி லாரியில் தேங்காய் ஏற்றுகிறார். செலவு போக மாதம் 18,000 ரூபாய் நிற்கும். 2021-இல் ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தில் 7 சதவீத வட்டிக்கு, 20 ஆண்டுத் தவணையில் 32 லட்சம் வாங்கி வீடு கட்டினோம். அப்போது தவணை 24,810 ரூபாய், இப்போது 28,400. வட்டி 9.85 வரை ஏறி, இப்போது 9.6 சதவீதத்தில் நிற்கிறது. கடந்த ஜனவரியோடு 52 தவணை கட்டிவிட்டோம். ஆனால் இன்னும் 30,20,000 ரூபாய் பாக்கி, 239 தவணை மிச்சம் என்று செயலி காட்டுகிறது. அரசு வங்கி ஒன்றில் 7.75 சதவீதத்துக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். ஆனால் கூட்டுப் பட்டாவை ஏற்க மாட்டார்களாம்.

போன ஆடியில் திருப்பிச் செய்ய வேண்டிய மொய்க்கும் மாமியாரின் மூட்டுச் சிகிச்சைக்கும் நகையை அடகு வைத்து, ஒன்றரை வட்டிக்கு 1,80,000 ரூபாய் வாங்கியிருக்கிறோம். கையில் முடிந்த சீட்டுப் பணம் 4 லட்சம் இருக்கிறது. அதை வீட்டுக்கடனில் கட்டலாம் என்பது என் எண்ணம். வரிச்சலுகை போய்விடும் என்கிறார் கணவர். வரும் ஆடியில் மொய் விருந்து வைத்தால் 6 லட்சம் விழும், அதையும் கடனில் போடலாம் என்கிறார் மாமனார்.

இதற்கிடையில் ஜூன் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் சென்னை அலுவலகத்துக்கு வர வேண்டும், வந்தால் பதவி உயர்வும் 14,000 ரூபாய் கூடுதல் சம்பளமும் உண்டு என்று நிறுவனம் சொல்கிறது. தஞ்சாவூரில் 52,000 ரூபாய்க்கு ஒரு வேலை வந்திருக்கிறது. மதியம் 2 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 11 ஆகிறது. காலை 5 மணிக்கு மாடு கறக்க எழ வேண்டும். மூன்று மணிக்கு விழிப்பு வந்து கடன் செயலியைத் திறந்து பார்க்கிறேன். நெஞ்சு படபடக்கிறது. வீட்டை விற்றுவிட்டுச் சென்னைக்கே போய்விடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தங்கள் கடிதத்தில் நான்கைந்து கேள்விகள் இருந்தாலும், அவற்றை ஒரே நாளில், ஒரே மூச்சில் தீர்க்க வேண்டும் என்ற அவசரம்தான் எனக்கு முதலில் தென்பட்டது. வீட்டுக்கடன் பிரிவில் முப்பது ஆண்டுகள் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில், என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்க வேண்டாம். வேலையைப் பற்றி இன்றே முடிவெடுக்கவும் வேண்டாம். முதலில் கடனைச் சரிசெய்யுங்கள். இந்த மூன்றில் உங்கள் கைக்கு அடங்கியது அது ஒன்றுதான். அது ஒரு நிலைக்கு வந்த பிறகு, எந்த வேலையை ஏற்கலாம், எதை மறுக்கலாம் என்பதை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

240 தவணைக் கடனில் 52 கட்டிய பிறகும் 239 மிச்சம் என்றால் யாருக்கும் தூக்கம் வராது. அந்த எண் கணக்குப் பிழையல்ல. சென்ற மாதம் நீங்கள் கட்டிய 28,400 ரூபாயில் 24,160 ரூபாய் வட்டிக்குப் போயிற்று. அசலில் கழிந்தது 4,240 ரூபாய் மட்டுமே. பழைய தவணையான 24,810 ரூபாயையே தொடர்ந்திருந்தால் அது ஏறக்குறைய வட்டிக்கே சரியாகப் போயிருக்கும், அசல் அசைந்திருக்காது; தவணையை உயர்த்தியது அதனால்தான். நீங்கள் கடன் வாங்கிய 2021-இல் ரெப்போ வட்டி, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி, 4 சதவீதமாக இருந்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி, 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதத்தைத் தொட்டது. பின்னர் 2025 பிப்ரவரி முதல் டிசம்பர் வரை நான்கு முறை குறைத்து 5.25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஏறியபோது உங்கள் கடனும் கூடவே ஏறியது. இறங்கியபோது கால் சதவீதம்தான் இறங்கியிருக்கிறது.

இதற்குக் காரணம் உண்டு. 2019 அக்டோபர் முதல் தேதிக்குப் பிறகு வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற ஒரு வெளி அளவுகோலோடு கட்டப்பட்டிருக்க வேண்டும். வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. அவை தாமே வகுத்துக்கொண்ட அடிப்படை வட்டியைப் பின்பற்றுகின்றன. புதிதாக வருபவருக்குக் குறைந்த வட்டியும் பழைய வாடிக்கையாளருக்குப் பழைய வட்டியும் ஒரே அலுவலகத்தில், ஒரே மேசையில் ஓடிக்கொண்டிருக்கும். கேட்காதவருக்கு யாரும் குறைத்துத் தருவதில்லை என்பதை, அந்த மேசைக்கு மறுபுறம் இருந்தவன் என்பதால் சற்று வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

ஆகவே இந்த வாரமே உங்கள் நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். மின்னஞ்சலிலும் அனுப்புங்கள், கிளையில் நேரில் கொடுத்து நகலில் முத்திரையும் வாங்குங்கள். அதில் இரண்டு கோரிக்கைகள் போதும். புதிய வாடிக்கையாளருக்குத் தரும் வட்டிக்கு என் கடனை மாற்றித் தாருங்கள், அதற்கான மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்று எழுத்தில் தெரிவியுங்கள் என்பது ஒன்று. வட்டி மாறிய ஒவ்வொரு முறையும் தவணையும் காலமும் எப்படி மாறின, இதுவரை அசலில் எவ்வளவு, வட்டியில் எவ்வளவு வரவு வைத்தீர்கள் என்ற அறிக்கையைத் தாருங்கள் என்பது மற்றொன்று. இது சலுகையல்ல. தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டும் கலந்தா, பகுதியை முன்கூட்டியே கட்டுவதா என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பைக் கடனாளிக்குத் தர வேண்டும் என்றும், ஒவ்வொரு காலாண்டும் இந்த விவரங்கள் அடங்கிய அறிக்கை தர வேண்டும் என்றும் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை வங்கிகளோடு வீட்டுக்கடன் நிறுவனங்களையும் கட்டுப்படுத்துகிறது. ஒரு மாதத்துக்குள் ஒழுங்கான பதில் வராவிட்டால் இத்தகைய நிறுவனங்களை மேற்பார்வையிடும் தேசிய வீட்டுவசதி வங்கியிடம் புகார் செய்யலாம். பெரும்பாலும் அந்தக் கட்டம் வரை போகாது. கடனை வேறு வங்கிக்கு மாற்றப் போகிறீர்கள் என்று தெரிந்தாலே பேச்சின் தொனி மாறிவிடும்.

அரசு வங்கியின் 7.75 சதவீதத்துக்கு மாறினால் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்த்தேன். இப்போதைய 28,400 ரூபாயையே தொடர்ந்து கட்டினால் 239 மாதம் என்பது 180 மாதமாகக் குறைகிறது. ஏறத்தாழ ஐந்து ஆண்டு. தவணைக் கணக்கில் 16 லட்சம் ரூபாய்க்கும் மேல். 2021-இல் குறித்த அதே தேதியில் கடனை முடித்தால் போதும் என்றால், எஞ்சியிருக்க வேண்டிய 188 மாதத்துக்கும் மாதம் 27,800 ரூபாய் கட்டினால் போதும். மாற்றுவதற்குப் பரிசீலனைக் கட்டணம், வழக்கறிஞர் கருத்துரை, இன்ஜினியர் மதிப்பீடு, புதிய அடமானப் பதிவு என்று செலவு உண்டு. அவற்றையெல்லாம் கூட்டி எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சற்றுக் கூடுதலாகவே செலவானாலும், கூடும் லாபத்தின் முன் அது பெரிதாகத் தெரியாது. மாறும் வட்டியில் தனிநபர் பெயரில் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் கேட்கக் கூடாது. யாராவது வாய்மொழியாகக் கேட்டால் எந்த விதியின் கீழ் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பழைய நிறுவனம் முழுத்தொகையையும் பெற்ற 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை விடுவிக்க வேண்டும். அவர்கள் காரணமாகத் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பதும் 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது.

தடையாக நிற்பது பட்டா. உங்கள் கடிதத்தின் பின்னிணைப்பைப் பார்க்கும்போது, மாமனாரும் அவருடைய தம்பியும் கூர்சீட்டு (குடும்பத்துக்குள் பாகம் பிரித்து எழுதிக்கொள்ளும் தாள்) எழுதி நிலத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள், அதைப் பதிவு செய்யவில்லை. அதன் பின் மாமனார் தம் பங்கில் மனையை உங்கள் கணவருக்குச் செட்டில்மெண்ட்டாக, அதாவது விலையில்லாமல் குடும்பத்துக்குள் எழுதித் தரும் பத்திரமாக, எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டாவில் மட்டும் இன்றைக்கும் அண்ணன், தம்பி இருவர் பெயரும் கூட்டாகவே நிற்கிறது. டெல்டாவில் பாதி வீடுகளின் கதை இதுதான். இப்படிப்பட்ட பத்திரத்துக்குக் கடன் கொடுக்கும் நிறுவனங்கள் அந்தச் சங்கடத்துக்கும் சேர்த்துத்தான் வட்டி வாங்குகின்றன. வங்கியின் வழக்கறிஞரிடம் எல்லா நகல்களையும் காட்டி, எந்த வகைப் பத்திரம் இருந்தால் ஏற்பார் என்று எழுதி வாங்குங்கள். அநேகமாக அண்ணன், தம்பிக்கு இடையே பதிவு செய்த பாகப்பிரிவினைப் பத்திரமும், அதைத் தொடர்ந்து உட்பிரிவு செய்த (நிலத்தை அளந்து தனி எண் கொடுத்த) தனிப்பட்டாவும் கேட்பார். உட்பிரிவுக்கு மனுச் செய்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். சின்ன மாமனார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால், இந்தப் பேச்சை நீங்களோ கணவரோ தொடங்குவதைவிட மாமனார் தொடங்குவது நல்லது. தம்பிக்கும் தனிப்பட்டா கிடைக்கிறது என்பதைச் சொல்லச் சொல்லுங்கள். செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டால் பேச்சு விரைவில் முடியும்.

சீட்டுப் பணத்துக்கு வருகிறேன். 4 லட்சத்தில் 3 லட்சத்தை இன்றைக்கே வீட்டுக்கடனில் கட்டினால், இன்றைய வட்டியிலேயே 239 தவணை 182 ஆகிவிடும். மனத்தை மயக்கும் கணக்கு இது. வேறு சூழ்நிலையாக இருந்தால் நானே உங்களைக் கட்டச் சொல்வேன். இப்போது வேண்டாம். வீட்டுக்கடனில் கட்டிய பணத்தைத் தேவைப்படும்போது எளிதில் திரும்ப எடுக்க முடியாது, ஜூனுக்குப் பிறகு உங்கள் சம்பளம் எங்கிருந்து வரும் என்பது இன்னும் தெரியவில்லை. அதோடு, ஒன்றரை வட்டி என்றால் ஆண்டுக்கு 18 சதவீதம். மாதம் 2,700 ரூபாய் அடகுக் கடைக்குப் போகிறது. 9.6 சதவீதக் கடனை அடைக்க ஓடிவிட்டு 18 சதவீதக் கடனை மூலையில் உட்கார வைப்பது, கூரை ஒழுகும்போது வாசலுக்குக் கோலம் போடுவதைப் போன்றது. முதலில் நகையை மீட்டுக்கொள்ளுங்கள். மீதி 2,20,000 ரூபாயை வங்கியில் வைப்பாகப் போட்டு, அடுத்த ஓராண்டுக்கு அதைத் தொடாதீர்கள். மூன்று மாதம் சம்பளமே வராவிட்டாலும் தவணை தவறாமல் குடும்பம் நடக்கும் என்ற நிம்மதிக்குத்தான் அந்தப் பணம். தவணை 90 நாளுக்கு மேல் தவறினால்தான் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போகும். அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூடப் போகாமல் இருக்க இது போதும்.

வரிச்சலுகை போய்விடும் என்ற கணவரின் கவலைக்கு ஒரே பத்தி போதும். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில், சம்பளக்காரருக்குக் கணக்குக் கேட்காமல் கழிக்கும் நிலைக்கழிவு 75,000 ரூபாயையும் சேர்த்தால் 12,75,000 ரூபாய் வரை ஆண்டுச் சம்பளம் வாங்குபவருக்கு வரி இல்லை. உங்கள் ஆண்டுச் சம்பளம் 11 லட்சத்துக்குச் சற்று மேல். கட்ட வேண்டிய வரியே இல்லாதபோது சலுகைக்காகக் கடனைச் சுமப்பதில் பொருளில்லை. மேலும், குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்கு அந்த முறையில் கழிவும் கிடையாது.

மொய் விருந்தைப் பற்றி மாமனார் சொன்னதைப் படித்தபோது எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. கஜா புயல் அடித்த 2018 நவம்பர் 16-க்குப் பிந்தைய வாரங்களில் உங்கள் பகுதியில் ஒரு கிளையில் நான் பணியில் இருந்தேன். தோப்பு முழுவதும் வேரோடு சாய்ந்த ஒரு பெரியவர், மஞ்சள் பையிலிருந்து நீண்ட கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பக்கத்துக்குப் பக்கம் ஊர்ப்பெயர், தகப்பனார் பெயர், தொகை. "ஐயா, மரம் போச்சு, ஆனா வெளியில எனக்கு ஏழு லட்சம் வர வேண்டியிருக்கு, இதை வச்சு ஏதாவது பண்ணுங்க" என்றார். வங்கி விதிப்படி மொய் நோட்டுக்குக் கடன் கிடையாது என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். பிறகு தேநீர் வரும்வரை அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். இடப்பக்கம் அவர் பிறருக்குச் செய்தது, வலப்பக்கம் அவருக்கு வந்தது. கூட்டிக் கழித்தால் அவருக்கு வர வேண்டியது மூன்று லட்சத்துக்கும் குறைவு. மீதியெல்லாம் அவர் திருப்பிச் செய்ய வேண்டியது. முப்பதாண்டு கணக்குப் பார்த்த எனக்கு, ஐந்தொகை (சொத்தும் கடனும் எதிரெதிரே எழுதும் இருப்புக் கணக்கு) எழுதும் விதத்தை அந்த நோட்டு அன்றைக்குப் புதிதாகக் கற்றுக்கொடுத்தது.

மொய் விருந்தைக் குறை சொல்பவன் அல்ல நான். ஈடு கேட்காமல், வட்டி கேட்காமல், ஒரு வேளைக் கறிச்சோற்றுக்கு லட்சக்கணக்கில் திரட்டிக் கொடுக்கும் ஏற்பாடு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. உங்கள் முறை வந்திருந்தால் விருந்தைத் தாராளமாக வையுங்கள். வைக்காவிட்டால் நீங்கள் செய்த மொய் வெளியிலேயே நின்றுவிடும். ஆனால் விழும் 6 லட்சம் முழுவதும் உங்கள் பணம் அல்ல. நீங்கள் முன்பு செய்தது திரும்பி வருவது ஒரு பகுதி. அதற்கு மேல் போட்டதும், புதிதாக வந்து போட்டதும் இன்னொரு பகுதி. அது கடன், அதுவும் எந்த ஆடியில் யார் பத்திரிகை நீட்டுவார் என்று தெரியாத கடன். போன ஆடியில் 1,10,000 ரூபாய் திருப்பிச் செய்வதற்கு நகை அடகுக்குப் போனது இந்தக் கணக்கு கலந்துபோனதால்தான். இந்தமுறை விருந்து முடிந்த இரவே நோட்டில் இரண்டு நிற மையால் பிரித்துவிடுங்கள். பந்தல், ஆடு, அரிசி, சமையல் செலவைக் கழித்த பின், திரும்பி வந்த பழைய மொய்யில் மிஞ்சுவதை மட்டும் வீட்டுக்கடனில் கட்டுங்கள். அதற்குள் வட்டி மாற்றம் முடிந்திருந்தால் இன்னும் நல்லது. புது மொய்யை மாமனார் பெயரில் தனிக் கணக்கில் போட்டு, பத்திரிகை வரும்போது அதிலிருந்தே எடுத்துச் செய்யுங்கள். மாமனார் பெயரில் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்தக் கணக்கை அவரைவிட யாரும் துல்லியமாக வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதுதான்.

வீட்டை விற்பது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராமத்தில் குடும்ப நிலத்தில் நம் வசதிக்காகக் கட்டிய வீட்டுக்கு, போட்ட பணத்தைக் கொடுத்து வாங்க வெளியாள் வருவது அரிது. அப்படி வருபவரும் முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம் என 9 சதவீதத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை பேசுவார். கூட்டுப் பட்டா அங்கேயும் குறுக்கே நிற்கும். விற்காமல் பூட்டிவிட்டுச் சென்னைக்குக் குடிபோனால், நீங்களே எழுதியிருக்கும் 19,000 ரூபாய் வாடகையும், பள்ளிக் கட்டணமும், பால் முதல் கீரை வரை விலை கொடுத்து வாங்கும் செலவும் சேரும். இவை 14,000 ரூபாய் கூடுதல் சம்பளத்தை விழுங்கிவிட்டு மேலும் கேட்கும். கணவரின் லாரித் தொழிலும் சென்னைக்கு வராது. பதவி உயர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்துக்காக அதை ஏற்பதாக இருந்தால் அதில் பணம் இல்லை என்று மட்டும் சொல்கிறேன்.

தஞ்சாவூர் வேலை வேறு மாதிரி. 2024-இல் நியோ டைடல் என்னும் தகவல் தொழில்நுட்பப் பூங்கா திறந்த பிறகு அங்கே வாய்ப்புகள் வருவது நல்ல செய்திதான். உங்கள் வீட்டுச் செலவுப் பட்டியலைக் கூட்டினேன்: வட்டி மாறிய பின் தவணை 27,800, மளிகை முதலான வீட்டுச் செலவு 22,000, பள்ளி, வேன் 6,500, மருந்து 2,500, காப்பீடு 3,000, மொய்க்கு ஆண்டுச் செலவை மாதத்துக்குப் பிரித்தால் 9,000. மொத்தம் 70,800 ரூபாய். இது உங்கள் தென்னந்தோப்புக்கு ஆகும் 8,000 ரூபாயைச் சேர்க்காமல். தஞ்சாவூர்ச் சம்பளமும் கணவர் வருமானமும் சேர்ந்தால் 70,000. போக்குவரத்துக்கு ஒரு ரூபாய் மிஞ்சாது. பேருந்தில் போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி என்பதை மன உளைச்சலுக்கு மருந்து என்று எந்த மருத்துவரும் எழுதித் தர மாட்டார். இன்றைக்கு அந்த வேலை கட்டாது. ஆனால் கதவை அடைத்துவிடாதீர்கள். புயலுக்குப் பின் 2019-இல் நட்ட நெட்டைக் கன்றுகள் இப்போதுதான் பாளை விடத் தொடங்கியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். தேங்காய் இன்றைய விலையிலேயே நிற்கும் என்று கணக்குப் போடக் கூடாது. ஆனாலும் தோப்பு தன் உரச் செலவையும் வெட்டுக் கூலியையும் தானே பார்த்துக்கொள்ளும் நாள் தூரத்தில் இல்லை. அந்த 8,000 ரூபாய் விடுபட்டு, ஆடி மொய்யில் அசலும் சற்று இறங்கிய பிறகு, 60,000 ரூபாய் சம்பளத்தில்கூட வீடு நடக்கும். அப்போது தஞ்சாவூரைப் பற்றிப் பேசலாம்.

அதுவரை இப்போதைய நிறுவனத்திடம் முடியாது என்று சொல்வதற்கு முன் பேசிப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள் என்பதற்குப் பதிலாக மாதத்தில் தொடர்ந்து ஒரு வாரம் சென்னை வருகிறேன், மற்ற வாரங்களில் இரண்டு நாளாவது 9 மணிக்கு வேலையை முடித்துக்கொள்கிறேன் என்று எழுத்தில் கேளுங்கள். ஆறு ஆண்டு வீட்டிலிருந்து முடித்துக் கொடுத்த வேலைகளின் பட்டியலையும் அதில் இணையுங்கள். மறுத்தாலும் இழப்பு இல்லை. வைப்பில் உள்ள 2,20,000 ரூபாய் அந்தப் பேச்சில் உங்கள் பக்கம் உட்கார்ந்திருக்கும்.

உங்கள் களைப்புக்கு நிறுவனம் மட்டும் காரணமல்ல என்பதையும் கடிதத்தின் வரிகளுக்கு இடையில் படித்தேன். மாடிப்படிக்குக் கீழே போட்ட மேசையில் கூட்டத்தில் இருக்கும்போதே மின் கட்டணம் கட்டித் தரச் சொல்லி ஒருவர், ஆதார் நகல் எடுத்துத் தரச் சொல்லி ஒருவர் வாசலில் நிற்கிறார்கள். "வீட்டுலதான இருக்கா" என்பது ஊரின் எண்ணம். இதைக் கணவரோ மாமியாரோதான் வாசலிலேயே நிறுத்த முடியும், உங்களால் முடியாது. ஞாயிறு காலை ஒரு மணி நேரம் இந்த உதவிகளுக்கு என்று மாமியார் ஊருக்குச் சொல்லிவிட்டால் போதும், நல்லபெயரும் கெடாது. மாட்டைப் பற்றி ஒரு சொல். தீவனம் போக மாதம் 2,500 ரூபாய் மிஞ்சுவதாக எழுதியிருக்கிறீர்கள். நகையை மீட்டால் மிஞ்சும் வட்டி அதைவிட 200 ரூபாய் அதிகம். அந்த வரவுக்காக இரவு 11 மணிக்கு வேலை முடிக்கும் ஒருவர் விடியற்காலை 5 மணிக்குச் சொசைட்டிப் பாலுக்கு எழுந்திருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. காலைக் கறவையை வேறொருவர் ஏற்க வேண்டும், இல்லாவிட்டால் மாட்டைக் கொடுத்துவிட வேண்டும். மாமியாருக்கு அது வருத்தமாக இருக்கும் என்பது தெரியும்.

மூன்று மணி விழிப்பும் நெஞ்சுப் படபடப்பும் என் துறையைச் சேர்ந்தவை அல்ல, ஆதலால் அவற்றுக்கு நான் யோசனை சொல்லக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ பேராவூரணி அரசு மருத்துவமனையிலோ இரத்த அழுத்தம், இரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றைப் பார்த்துவிடுங்கள். எத்தனையோ முறை, கடன் கவலை என்று நினைத்திருந்தது தைராய்டாக இருந்ததை நான் கண்டிருக்கிறேன். மனம் விட்டுப் பேச வேண்டும் என்றால் டெலி மானஸ் என்னும் அரசு உதவி எண் 14416; கட்டணம் இல்லை, எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். என் எல்லைக்குள் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: அந்தக் கடன் செயலியைக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிட்டு, மாதத்துக்கு ஒருமுறை, தவணை கழிந்த மறுநாள், பகல் வெளிச்சத்தில் கணினியில் மட்டும் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. தவணை உங்கள் சம்பளத்திலிருந்து போகிறது, கடன் பத்திரத்தில் இணைக் கடனாளியாக உங்கள் கையெழுத்து இருக்கிறது. மனையும் வீடும் கணவர் பெயரில் மட்டும் உள்ளன. இதில் யாருடைய நல்லெண்ணத்தையும் நான் ஐயப்படவில்லை. ஆனால் வங்கியில் என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, கடனில் பாதி தன்னுடையது, வீட்டில் எதுவும் தன்னுடையதல்ல என்பதை முதன்முறையாக அறிந்துகொண்ட பெண்களின் முகம் எனக்கு மறக்கவில்லை. கணவர் மனைவிக்கு எழுதும் செட்டில்மெண்ட் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், பதிவுக் கட்டணம் 1 சதவீதம்; இரண்டுக்கும் உச்சவரம்பு உண்டு. பட்டா உட்பிரிவுக்காகப் பத்திரங்களை எப்படியும் கையில் எடுக்கப் போகிறீர்கள். புதிய வங்கியின் வழக்கறிஞரிடம் அதே அமர்வில், அடமானம் இருக்கும்போது பாதிப் பங்கை என் பெயருக்கு எழுதுவதற்கு வங்கியின் சம்மதம் எந்தக் கட்டத்தில், எப்படி வேண்டும் என்று கணவரையே கேட்கச் சொல்லுங்கள். நிறுவனத்திடமிருந்து அறிக்கை வந்ததும் அதன் நகலை எனக்கு அனுப்பினால், வட்டி ஏறிய தேதிகளைச் சரிபார்த்து எழுதுகிறேன்.